மத்தியான ஒத்திகை

வீரமணி இறந்துவிட்டார் என்று அவர் மனைவியிடம் நான் முப்பத்தெட்டு முறை சொல்லியிருக்கிறேன். அந்த முப்பத்தெட்டு நாளும் அவர் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். நான் திருச்சி விமான நிலையத்தின் பின்பக்கம், எங்கள் கம்பெனியின் பழைய சரக்கு அறையில், சாப்பிட்ட கையோடு படுத்துத் தூங்கியபடி அவரைச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பிலோமினா. வைகறை ஏர்வேஸ் கவுண்டரில் பதினேழு வருடமாகப் பெட்டி எடை போடுகிறவள். அது போக 'துக்கத் துணை' என்று இன்னொரு பதவியும் உண்டு. விமானம் விழுந்தால் பயணிகளின் வீட்டுக்குப் போய், சேதி சொல்லி, கூடவே இருக்க வேண்டிய ஆள். எல்லா விமானக் கம்பெனிகளும் இப்படி ஆட்களைப் பழக்கி வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆரம்பத்தில் நாங்களும் வகுப்பில்தான் பழகினோம். சரக்குப் பிரிவு மரியதாஸ் சாரை விதவையாக உட்காரவைத்து நான் ஆறுதல் சொல்வேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவார். அந்த இருமலை அழுகை என்று எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் எனக்கு முழு மதிப்பெண் போட்டார்.

அப்புறம்தான் தலைமை அலுவலகம் அந்த இயந்திரத்தை வாங்கியது. அதை ஓட்டச் சென்னையிலிருந்து இளஞ்செழியன் என்று ஒரு பொறியாளர் வந்தான். முப்பது வயதிருக்கும். எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கும் முகம்.

"ரொம்ப சிம்பிள் மேடம். அடிக்கடி நம்ம விமானத்துல போறவங்க குடும்பத்துக்குத் தலா ஒரு ஊழியரை ஒதுக்கியிருக்கோம். அந்தக் குடும்பத்தைப் பத்தின பதிவு எல்லாம் மெஷின்ல இருக்கு. நீங்க இந்தப் பட்டையை நெத்தியில கட்டிக்கிட்டுத் தூங்குங்க. கனவுல அந்த வீட்டுக்குப் போவீங்க. சேதி சொல்வீங்க. நிஜமாவே ஒருநாள் நடந்துச்சுன்னா, முன்பின் தெரியாத ஆளா நீங்க போய் நிக்க மாட்டீங்க."

"நடக்கலேன்னா?"

"நடக்கலேன்னா நல்லதுதானே மேடம்."

எனக்கு ஒதுக்கியது இலுப்பூர் கோகிலவாணி. கணவர் வீரமணி, ஷார்ஜா, வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒத்திகை எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு. ஏன் இரண்டு மணி என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டதும் தூங்கச் சொல்லும் வேலையை யார்தான் கேள்வி கேட்பார்கள்?

கனவு எப்போதும் ஒரு மண் தெருவில் தொடங்கும். வெயில் அடிக்கும், ஆனால் சுடாது. வாசலுக்கு முன்னால் ஒரு முருங்கை மரம் நிற்கும். அதிலிருந்து பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றுகூடத் தரைக்கு வந்து சேராது. நான் அந்த மரத்தடியில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். பச்சைக் கதவு திறக்கும். ஈரக் கையோடு கோகிலவாணி வருவாள். முப்பது முப்பத்திரண்டு வயது, மாநிறம், வலது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு. நான் கம்பெனி சொல்லிக்கொடுத்தபடி செய்வேன். முதலில் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'உங்க வேதனை புரியுது' என்று உளறக் கூடாது. அவர்கள் தொடாமல் நாம் தொடக் கூடாது.

அவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருப்பாள். ஒருமுறை கதவைச் சாத்திவிட்டாள். ஒருமுறை, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் விழுந்தாள். ஒருமுறை, "அவுக கால்ல செருப்பு இருந்துச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. இருபதாவது ஒத்திகைக்குப் பிறகு, நான் வாயைத் திறப்பதற்குள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினாள்.

எழும்போது தலையணை நனைந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு நான்கு மணி விமானத்துக்குப் பெட்டி எடை போடப் போய்விடுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப்பிறந்தவர்கள் கனடாவிலும் கடலூரிலும் இருக்கிறார்கள், இரண்டும் எனக்கு ஒரே தூரம்தான். யோசித்துப் பார்த்தால், உலகத்தில் நான் அதிகம் போய்வந்த வீடு கோகிலவாணியுடையதுதான். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளிடம் நல்லதாக ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லையே என்பது மட்டும் உறுத்தும்.

பொங்கல் முடிந்த வாரம். கவுண்டரில் இரண்டு பேர் விடுப்பு. ஒதுக்கிய பயணியை அந்த ஊழியரே கவனிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு, அன்றைக்கு அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? என் முன்னால் ஒரு பாஸ்போர்ட் வந்தது. வீரமணி. நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்சம் தொந்தி, வழித்த தாடை, காதோரம் பவுடர். உயிரோடு இருப்பதைப் பற்றி அந்த மனிதருக்கு ஒரு பெருமையும் இல்லை.

"மேடம், ஒன்றரைக் கிலோ கூட இருக்கும்போல. முறுக்குதான். எடுத்துரவா?"

"இருக்கட்டும் சார். கொண்டு போங்க," என்றேன். அவருக்கு ஜன்னலோர இருக்கை போட்டுக் கொடுத்தேன்.

அதோடு நான் கவுண்டரிலேயே இருந்திருக்க வேண்டும். கால் கேட்கவில்லை. டீ குடிக்கப் போவதுபோல வெளியே வந்தேன். வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு, வலது புருவத்தில் தழும்போடு, கோகிலவாணி நின்றாள்.

நான் திரும்புவதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகத்திலிருந்த ரத்தம் வடிவதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

"ஏக்கா... நீங்க எங்க வீட்டுக்கு வருவீங்கல்ல?"

நான் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானம் கண்ணசந்தா வந்துருவீங்க. இதே நீலச் சேல. முருங்க மரத்தடியில நின்னுட்டு, அப்புறம்தான் வாசல்ல ஏறுவீங்க. அது எங்கம்மா வீட்டு மரம்க்கா. வெட்டிப் பன்னெண்டு வருசமாச்சு. அது எப்புடி எங்க வீட்டு வாசல்ல நிக்கிதுன்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன்."

"கனவும்மா அது. கனவுல யாராச்சும் வருவாங்க."

"கனவுல வந்த ஆளு கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு முன்னால நிக்கிது, கனவுங்கிறீங்க." அவள் என் அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு கணவர் போன கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "மத்தியானக் கனவுதானே, காலங்காத்தால வந்தாத்தான் பலிக்கும்னு மனச தேத்திக்கிட்டு இருந்தேன். அவுகள எறக்கி விட்டுருங்கக்கா."

"விமானம் பத்திரமாப் போகும். நான் சொல்றேன்ல."

"நீங்க சொல்றதுதான் எனக்குப் பயம்." அவள் தடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். "எங்க வீட்டுப் பக்கம் நீங்க வரக் கூடாது. எப்பவும் வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தக் கை நிஜமாகவே ஈரமாக இருந்தது. அவள் அழுது துடைத்திருந்தாள், அவ்வளவுதான். வீரமணி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் இளஞ்செழியனைச் சரக்கு அறையில் பிடித்தேன்.

"பதிவுன்னு சொன்னியே தம்பி. வெட்டின மரம் பதிவுல எப்படி வந்துச்சு?"

அவன் கணினியை மூடிவைத்தான். "பதிவை மட்டும் வெச்சுச் செஞ்சா பொம்மை மாதிரி இருந்துச்சு மேடம். அதனால நேரடியா இணைச்சோம். குடும்பங்களுக்கு அன்பளிப்பா ஒரு கைப்பட்டை குடுத்தோம்ல, தூக்கம் எல்லாம் காட்டுமே, அது வழியா. அவங்க தூங்குற நேரம் பார்த்துத்தான் உங்களுக்கு நேரம் ஒதுக்குறோம். நீங்க பேசுறது அவங்ககிட்டயேதான்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"விதிமுறையில பதினாலாம் பக்கம். சம்மதம்னு டிக் பண்ணியிருக்காங்க. முழிச்சா மறந்துடும்னு ஆராய்ச்சி சொல்லுது."

"நீ எழுந்திரிச்சதும் உன் கனவை எல்லாம் மறந்துடுறியா?"

அவன் கணினியின் கம்பியைச் சுருட்டத் தொடங்கினான்.

"மொத்தம் எத்தனை வீடு?"

"அறுநூத்திப் பத்து."

அறுநூற்றுப் பத்து பெண்கள், மத்தியானம் கொஞ்சம் கண்ணை மூடினால், வாசலில் நீலச் சேலையைப் பார்க்கிறார்கள். எனக்கு அவனை அறையத் தோன்றியது. ஆனால் தலையணையை நனைத்துக்கொண்டே மூன்று வருடம் போய்வந்தவள் நான்தானே?

"என்னை விட்டுரு. நான் விலகிக்கிறேன்."

"நீங்க விலகினா அந்த வீட்டுக்கு வேற ஒருத்தரைப் போடுவாங்க மேடம். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். மேல எழுதியிருக்கேன். நிறுத்த மாட்டேங்குறாங்க. போன தணிக்கையில நமக்குத்தான் நாட்டுலயே முதலிடம்."

அதனால் முப்பத்தொன்பதாவது ஒத்திகைக்குப் படுத்தேன். ஒரு முடிவோடுதான் படுத்தேன். மண் தெரு, சுடாத வெயில், மரம். அவள் செம்போடு வந்தாள்.

"கோகிலா, நான் வீடு மாறி வந்துட்டேம்மா. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு. அவருக்கு ஒண்ணும் இல்ல. இனிமே நான் வர மாட்டேன்."

அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் பற்களை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எழுந்து உள்ளே போனாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள், உலை வைக்கும் சத்தம் கேட்டது. உதிர்ந்த பூவெல்லாம் தரையில் வந்து விழத் தொடங்கியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

கம்பெனி எழுதிக்கொடுத்த பாடத்தை நான் பேசவில்லை என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது போலும். பாடம் தவறினால் திருத்திவிடும்படி அதைச் செய்திருக்கிறார்கள், அது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் போன் அடித்தது. கோகிலவாணி எடுத்தாள். போனிலிருந்து என் குரலே கேட்டது: வீரமணி இறந்துவிட்டார். அவள் போனைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே என் பெயர் அப்படியே இருந்தது.

எட்டு மாதம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஷார்ஜாவிலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் விமானம் கடலுக்கு மேலே காணாமல் போனது. பதினொன்றரைக்கு மிதக்கும் பாகங்களைக் கண்டுவிட்டார்கள். நூற்று அறுபத்திரண்டு பேர். யாரும் பிழைக்கவில்லை.

எங்கள் கம்பெனி தயாராக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நாற்பதே நிமிடத்தில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. ஓடுகிறவர்கள் இல்லை, கத்துகிறவர்கள் இல்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் கிளம்பினார்கள். எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போலக் காரில் ஏறினார்கள். என் போனிலும் பட்டியல் வந்தது. இருபத்து மூன்று சி, வீரமணி. நானும் காரில் ஏறினேன். செய்து கொடுத்த சத்தியத்தை மீறிக்கொண்டு, இந்தத் தடவை விழித்துக்கொண்டே, அந்த வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் பாக்கியநாதன் வண்டியை எடுத்தார். விராலிமலை வரை எங்கள் இரண்டு பக்கமும் வெயில் தண்ணீராக அலைந்தது.

அங்கே போன் வந்தது. ஷார்ஜா கவுண்டரில் இருக்கும் எங்கள் ஆள்.

"பிலோ அக்கா, வீரமணி ஏறல. இந்த விமானத்துக்குச் சீட்டு அதிகமா வித்துட்டாங்க. யாராச்சும் ஒருத்தர் நாளைக்குப் போறீங்களான்னு கேட்டேன், அவர்தான் கை தூக்கினாரு. காத்திருப்புப் பட்டியல்ல இருந்த வேற ஒருத்தரை ஏத்திவிட்டேன். அவசரத்துல கையால எழுதினேன், கம்ப்யூட்டர்ல மாத்தல. இப்பதான் ஓட்டல்ல போய் எழுப்பினோம். மனுஷன் ஒண்ணும் தெரியாம தூங்கிக்கிட்டு இருந்தாரு. வீட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்காரு, அந்தம்மா போன் அணைச்சிருக்கு."

நான் காருக்குள்ளேயே கத்திச் சிரித்தேன். பாக்கியநாதன் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினார். சிரித்து முடித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"ஏறினவர் யாரு?"

"செல்வகணபதி. கீரனூர். மனைவி பேரு உமையாள். நம்ம விமானத்துல முதல் தடவை, அதனால அவருக்குத் துணைன்னு யாரையும் போடல, ஒத்திகையும் இல்ல. இலுப்பூர்ல சொல்லிட்டு நீங்களே அங்க போயிடுங்கக்கா. வேற ஆளே இல்ல."

சிரித்ததை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே வயிற்றில் கிடந்தன.

இலுப்பூரில் கோகிலவாணியின் தெரு மண் தெரு அல்ல. சிமெண்டு போட்டிருந்தார்கள். வாசலில் மரம் இல்லை, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொலைக்காட்சியில் பட்டியல் வந்துவிட்டது என்று கூட்டத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் இருக்கையில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அது ஒரே ஒரு அர்த்தம்தான்.

"நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே. உயிரோட இருக்காருன்னு சத்தமாச் சொல்லுங்க. என்னைப் பத்திச் சொல்லாதீங்க."

பாக்கியநாதன் போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"நம்ப மாட்டேங்குது மேடம். சொல்றதுக்குன்னு ஒருத்தவுக இருக்காக, அவுக கார்லதானே இருக்காகன்னு கேக்குது."

இறங்கி நடந்தேன். கூட்டம் விலகியது. இங்கே வெயில் சுட்டது. கோகிலவாணி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது.

"வந்துட்டீங்களாக்கா," என்றாள், விருந்தாளியைக் கேட்பதுபோல. "சொல்லுங்க."

"உயிரோட இருக்காரு கோகிலா. அவரு விமானத்துல ஏறவே இல்ல."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. நான் உலை வச்சேன். அப்புறம் போன் அடிச்சுச்சு."

என் போனில் ஷார்ஜாவைப் பிடித்து அவள் காதில் வைத்தேன். "கோகி... கோகி..." என்று வீரமணி அழுதது எனக்கே கேட்டது. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொரலு அவுக கொரலு மாதிரியேதான் இருக்கு. நல்லாத்தான் செய்யிறீங்க. முழிக்கிறப்ப இருக்காதுல்ல?"

அவளுக்கு நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது. துக்கத்துக்குப் பழக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, நல்ல சேதியை நம்ப முடியாதவளாக ஆக்கி வைத்திருந்தோம். நாளைக்கு அவர் நேரில் வந்து நின்றாலும் இவள் தூக்கம் கலையக் காத்திருப்பாள். அழுது பார்த்தேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றேன். கீரனூர் வேறு காத்திருந்தது. இழவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சட்டென்று எழுந்து போய்விடுவோம், திரும்பிப் பார்க்க மாட்டோம். கம்பெனிப் புத்தகத்தில், மறுபடி எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பவும் என்று எழுதியிருக்கிறது. எழுதியவனுக்கு நம் ஊர் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் நான் முப்பத்தெட்டு ஒத்திகையிலும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் மதிப்பெண் குறைந்தது, போகட்டும் என்று பேசாமல் எழுந்து வந்துகொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்கு நேராகத் திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"கோகிலா, நான் போயிட்டு வரேன்."

கூட்டத்தில் ஒரு பெண் வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, எங்க வந்து என்ன சொல்ற?" என்று இன்னொருத்தி கத்தினாள். கோகிலவாணியின் தலை விருட்டென்று நிமிர்ந்தது.

"என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன். இது எழவு வீடு இல்ல, அதான் சொல்லிக்கிட்டுக் கிளம்புறேன். அடுத்த வாரம் வருவேன். உங்க வீட்டுக்காரர் இருக்கும்போது வந்து காபி குடிச்சிட்டுப் போவேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. யாராவது போய்வருகிறேன் என்றால் நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் சொன்னாள்.

"போயிட்டு வாங்கக்கா."

சொன்னதும் அது அவள் காதில் விழுந்தது. கையில் பட்ட செம்பு உருண்டு தண்ணீர் படியில் ஓடியது. அவள் என் மேல் சாய்ந்து, ஊரே கேட்கும்படி அழுதாள். அப்படி ஒரு சந்தோஷ அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. வீரமணிக்கு மறுபடி போன் போட்டுக் கொடுத்தோம். முறுக்குக் கொண்டு போன காலி டப்பா இருந்த பெட்டி விமானத்தோடு போய்விட்டது என்று அவர் சொன்னதற்கு, அவள் அழுதுகொண்டே அவரைத் திட்டினாள்.

நான் காருக்கு வந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"இப்ப எங்க போறீங்க?"

மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். செல்வகணபதி, கீரனூர், வீரமணிக்குப் போட்டிருந்த இருபத்து மூன்று சி.

"அவுக சீட்டுலயா?"

"ஆமா."

"அந்த வீட்டுக்கு எத்தனை தடவ போயிருக்கீங்க?"

"ஒரு தடவகூட இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது கோகிலா. உமையாள்னு பேரு மட்டும் தெரியும்."

அவள் தொட்டிக் குழாயில் முகத்தைக் கழுவினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரும்படி பக்கத்து வீட்டில் சொன்னாள். "நானும் வர்றேன்," என்று காரில் ஏறினாள். உறவுக்காரர்கள் தடுத்தார்கள். நல்ல சேதி வந்த நேரத்தில் கெட்ட வீட்டுக்குப் போவதா என்றார்கள். "எத்தனையோ தடவ எனக்குச் சொல்லியிருக்காக. எப்புடி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் பேசினாள்.

"கார வாசலுக்குக் கொண்டு போக வேணாம்ண்ணே. தெருமுனையில நிறுத்துங்க." பிறகு என்னிடம், "பேரச் சொல்லி நீங்கதானான்னு கேக்காதீங்கக்கா. நீங்க பேரக் கேட்ட உடனே எனக்குக் காது அடைச்சுரும். அதுக்கப்புறம் நீங்க சொன்னது ஒண்ணும் கேட்டதே இல்ல."

"அப்ப நான் பேசினதெல்லாம்?"

"வாய் அசையும். நான் உங்க காலப் பாத்துக்கிட்டு இருப்பேன். புழுதியா இருக்கும். பாவம், இம்புட்டுத் தூரம் நடந்து வந்துருக்காகளேன்னு நெனைப்பேன். அதான் தண்ணி குடுப்பேன்."

மூன்று வருட ஒத்திகை. நாட்டிலேயே முதலிடம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீரனூரில் அந்த வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். நாளைக்குக் காதுகுத்து என்று துணிப் பதாகையில் ஒரு குழந்தை சிரித்தது. கூட்டம் இல்லை, அழுகை இல்லை. பட்டியலில் அவர் பெயர்தான் வரவில்லையே. உள்ளேயிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. வெயில் சாய்ந்து, எல்லாம் மஞ்சளாக, மெதுவாக இருந்தது. எது கனவு எது நிஜம் என்று அந்தக் கணத்தில் என்னைக் கேட்டிருந்தால் நான் மாற்றித்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு பெண் வெளியே வந்தாள். மூக்கில் மாவு ஒட்டியிருந்தது. என் சீருடையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"விமானக் கம்பெனியா? பாத்தோம்க்கா டிவியில. ஐயோ, எத்தனை குடும்பம்! எங்க வீட்டுக்காரரும் அதுலதான் வர்றதா இருந்துச்சு. டிக்கெட் கிடைக்கல, காத்திருப்புல இருக்குன்னு நேத்து போன் பண்ணி ஒரே சண்டை. இப்ப நெனைச்சா குலை நடுங்குது. சாமிதான் நிறுத்திருச்சு. வாங்க, உள்ள வாங்க. யாரு வீடு தேடி வந்தீங்க?"

கற்றுக்கொடுத்த வாக்கியங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கோகிலவாணிதான் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் படியேறினாள். கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்து, என்னையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அடுப்புல ஏதும் இருக்காம்மா?"

"பாகு வச்சிருக்கேன்க்கா. அதிரசத்துக்கு."

"அணைச்சிட்டு வாங்க. வந்து எங்ககூட ஒரு நிமிசம் உக்காருங்க."

உமையாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனாள். அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். எங்களை உள்ளே அழைத்தபோது இருந்த சிரிப்பு அவள் முகத்தை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"சொல்லுங்கக்கா," என்றாள்.